துடுப்புப் போட இன்னொரு ஆள்

முரளிக் கண்ணு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் ஏரிக்கரையில் உங்கள் படகு கிளப் ஷெட்டின் கதவில் ஒட்டப்போகிறேன். எழுதுவது உனக்குத்தான். ஆனால் ஊரும் படிக்கட்டும். உன் கிளப்பில் இருந்தவர்கள் முக்கியமாகப் படிக்கட்டும்.

இந்த வருஷமும் ஐப்பசியில் மழை விடவே இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நம் மெஸ் அப்படியே நடக்கிறது, இட்லி காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. உன் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதப் புது ரைட்டர் வந்திருக்கிறார். சாப்பிட வரும்போதெல்லாம் உன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறவர்போல் முழிக்கிறார், பாவம். அந்த மனிதர் என்ன செய்வார்?

எனக்கு உன் கிளப்பைக் கண்டால் என்றுமே ஆகாது, அது உனக்குத் தெரியும். நாற்பது வயது ஆகப்போகிற நேரத்தில், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு பழைய படகுகளைக் கட்டிக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆகாயத்தாமரை பிடுங்கப் போய்விடுவாய். டூரிஸ்டு வருகிற பக்கத்தைச் சுத்தம் செய்யக் கூலி ஆட்கள் உண்டு. யாரும் எட்டிப் பார்க்காத மதகு மூலையை நீங்கள் சும்மா செய்தீர்கள். இந்த ஊரில் பிறந்தவன் இந்த ஏரியில் படகு ஏறியதில்லை என்றால் வெட்கக்கேடு என்று நீ சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம்.

ஆரம்பத்தில் ஆட்கள் திரண்டு வந்தார்கள். வேடிக்கை தீர்ந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அவர்களைப் பிடித்துவைக்க நீ பட்ட பாடு எனக்குச் சிரிப்பாக இருக்கும். வந்த எல்லோருக்கும் ஒரு பதவி கொடுத்தாய். தலைவர், துணைத்தலைவர், கொக்கிப் பொறுப்பாளர், கயிற்றுப் பொறுப்பாளர். துணைத்தலைவர் மட்டும் நான்கு பேர். சனிக்கிழமை சாயங்காலம் போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கெஞ்சுவாய். "ஏன்டா, பொண்ணு கேக்கப் போறவனாட்டம் இப்படிக் கெஞ்சறே?" என்று கேட்டால், "கெஞ்சுனா வருவாங்கக்கா, அதட்டுனா ஓடிப்போயிருவாங்க" என்பாய்.

நீ போட்டது ஒரே ஒரு கண்டிப்பான சட்டம். தனி ஆளாகப் படகு கரையை விட்டுப் போகக் கூடாது. துடுப்புப் போட ஒருவர், பின்னால் உட்கார்ந்து கொக்கியால் இழுக்க ஒருவர். ஷெட் சுவரில் நீயே பெயின்டில் எழுதி வைத்தாய். அந்த எழுத்து இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வரும். எழுதியவனே அதை மதிக்கவில்லையே, முரளி.

அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்பதை நான் பல பேரிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். அதற்குள் கிளப்பில் ஒழுங்காக வருகிறவன் என்றால் செல்வம் ஒருத்தன்தான். செம்மநத்தத்திலிருந்து பிக்கப் ஓட்டுகிற செல்வம், உன் துடுப்பு. அவன் வண்டியை ஷெட் வாசலில் நிறுத்தி, இறங்காமலேயே உன்னிடம் புலம்பியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையும் லோடு வருகிறது, வீட்டில் சத்தம் போடுகிறார்கள், ஒன்றும் முடிவதில்லை என்று. நீ கேட்டுக்கொண்டாய். எல்லோரும் புலம்புவார்கள், புலம்பிவிட்டு வந்து துடுப்பைப் பிடிப்பார்கள். உனக்கு அது பழக்கம்.

கடைசியில் அவன், "அப்பொ நான் வர்றனுங்கண்ணா" என்றான். நீ, "சரி, வா" என்றாய். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எதிரே டீக்கடை பாப்பாத்தியக்காவிடம் நீ சொன்னது இதுதானாம். "செல்வம் வண்டிய உட்டுட்டு வர்றேன்னான். நான் முன்னால போயி ஆரம்பிச்சர்றேன்." மதகு வாயை இலை அடைத்துக் கிடந்தது. கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். மிதவைச் சட்டை போட்டால் குனிய வராது என்று அதைக் கழற்றிப் பலகையில் வைத்தாய். பத்தடியில் ஆள் தெரியாத பனி. நீ துடுப்பையும் பிடித்து, கொக்கியையும் பிடித்து, அந்தக் கொடிக்குள் எப்படி விழுந்தாய் என்று பார்த்தவர் யாருமில்லை. பனி விலகியபோது படகு மட்டும் நின்றது என்றார் பாப்பாத்தியக்கா. அந்த நேரத்தில் செல்வம் குப்பனூரில் மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

அவன் விடைபெற்றுக்கொண்டு போனான். நீ அவன் வருவான் என்று நினைத்தாய்.

நம் ஊரில் யார் வாசலை விட்டு இறங்கும்போது போகிறேன் என்று சொல்கிறோம்? போகிறவனும் வர்றேன் என்கிறான், வருகிறவனும் வர்றேன் என்கிறான். இத்தனை நாளும் அது யாரையும் கெடுத்ததில்லை. உன்னை மட்டும் ஏன் கெடுத்தது?

உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று கிளப்பில் இருந்த எல்லோரும் வந்தார்கள். நான்கு துணைத்தலைவர்களும் வந்தார்கள். இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாதே, அதனால் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். அப்படிப் போனவர்கள் அதோடு போனவர்கள்தான். கிளப்புக்கும் அதே வழக்கத்தில் விடை கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஊர் செல்வத்தைப் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் ஒரு கட்சி, "வர்றேன்னு சொன்னவன் வரல, கொன்னுட்டான்" என்றது. பாப்பாத்தியக்கா அந்தக் கட்சி. "எங்காதுல உழுந்துச்சு கோமதி. வர்றேன்னுதான் சொன்னான்" என்பார். தச்சு வேலை ராமலிங்கண்ணன் அப்போது டீ குடித்துக்கொண்டு அங்கே இருந்தவர். அவர் வேறு மாதிரி சொன்னார். "வண்டிய ஸ்டார்ட் பண்ணீட்டுச் சொன்னான் அம்மிணி. அது போறவன் சொல்ற வர்றேன். நானு டீயக் குடிச்சிட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். முரளி அத இப்படி எடுத்துக்குவான்னு நெனைக்கலியே." எனக்கு யாரை நம்புவதென்று தெரியவில்லை. யாரை நம்பினாலும் நீ எழுந்து வரப்போவதில்லை, அதனால் ஷெட் சாவியை வாங்கி மெஸ்ஸில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போட்டேன். படகு இரண்டும் மக்கிப் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், மீன் வாங்கப் போனவள் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மதகு மூலையில் ஒரு படகு. அதில் ஒரே ஒரு ஆள், பாதி உடம்பைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்து இலையை இழுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையிலிருந்த பை கீழே விழுந்தது. நீதான் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் உன்னைப் பார்த்த சந்தோஷம்கூட வந்தது.

ராமலிங்கண்ணன். பூட்டின் கொண்டியைத் தச்சன் கையால் கழற்றி, படகை இறக்கியிருந்தார். வலது தோளைத் தூக்க முடியாத மனிதர், ஒரு கையால் துடுப்புப் போட்டுக்கொண்டு. கரைக்கு வந்ததும் நான் கத்திய கத்தலில் பாப்பாத்தியக்கா கடையை விட்டு ஓடிவந்தார்.

"என்னுங்கண்ணா, நீங்களும் சாகோணுமா?"

"அவன் கெடந்த எடத்துல எலை மூடிக் கெடக்குது அம்மிணி. என்னால பாத்துட்டு இருக்க முடியல."

"துணைக்கு ஆள் கூட்டீட்டுப் போலாமில்ல?"

"ஆரு வர்றாங்க? அல்லாருத்தையும் கேட்டுட்டேன். நீ சாவியப் பூட்டி வெச்சாலும் நான் போகத்தான் போறேன்."

பூட்டை மாற்றலாம். படகை எரிக்கலாம். இந்தக் கிழம் கட்டுமரம் செய்துகொண்டாவது போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். இந்த மனிதரைத் தனியாகத் தண்ணீரில் போகவிடக் கூடாது. அதற்குத் துடுப்புப் போட ஒரு ஆள் வேண்டும். எனக்குக் கொக்கி பிடிக்க வரும், துடுப்பு வராது.

உன் கிளப்பில் இருந்தவர்கள் வீடு வீடாகப் போனேன், முரளி. நீ போனில் கெஞ்சினாய், நான் நேரில் கெஞ்சினேன். கிளியூர்வரைக்கும் நடந்தேன். எல்லோரும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள், உன்னைப் பற்றிப் பேசிக் கண் கலங்கினார்கள். ஒரு துணைத்தலைவர், "நம்ம முரளிக்காகச் செய்யாம இருப்பமுங்களா? ஞாயித்துக்கெழமை கண்டிப்பா வர்றனுங்கக்கா" என்று என்னைத் தெருமுனைவரை கொண்டுவந்து விட்டார். இன்னொருவர் தன் மகனையும் கூட்டிவருவதாகச் சொன்னார். யாருமே முடியாது என்று சொல்லவில்லை. ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷெட் வாசலில் நானும் ராமலிங்கண்ணனும் நின்றோம். மதியம்வரை நின்றோம். அடுத்த வாரமும் அப்படியே. நடுவில் அவர்களில் ஒருவரைச் சந்தையில் பார்த்தேன். "ஏனுங்கக்கா, இந்த வாரம் பாருங்க, வந்தர்றேன்" என்று அவராகவே சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு நீ ஏன் இவர்களை வைத்துக்கொண்டு அவ்வளவு மல்லுக்கட்டினாய் என்று புரிந்தது. இவர்கள் வராமல் போனதல்ல உன் கஷ்டம். வரமாட்டேன் என்று ஒருவரும் சொல்லாததுதான்.

மீதி இருந்தது செல்வம் மட்டும். அவன் பெயரைச் சொன்னாலே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் பஸ் ஏறினேன்.

செம்மநத்தத்தில் அவன் மனைவி சுதா வாசலிலேயே என்னை மறித்துக்கொண்டு நின்றாள். "எதுக்கு வந்திருக்கீங்க? பேசறதெல்லாம் ஊரே பேசிருச்சுங்களே. இன்னும் மிச்சம் இருக்குதுங்களா?"

"சண்டைக்கு வரல சுதா. படகுக்கு ஆள் வேணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இவரு கடைக்குப் போயிட்டுத் திரும்பறப்ப, 'செல்வம், வர்றயா போறயா, தெளிவாச் சொல்லீட்டுப் போ'ன்னு சிரிக்கறாங்க. இப்பெல்லாம் எந்த ஊட்டுக்குப் போனாலும் சொல்லிக்காமயே எந்திரிச்சு வந்தர்றாருங்க. எழவு ஊட்ல இருந்து வர்றாப்டி. எங்கம்மா ஊட்லகூட அப்படித்தான். எங்கம்மா அபசகுனம்னு அழுவுறாங்க."

செல்வம் உள்ளே இருந்தான். இளைத்துப் போயிருந்தான். நான் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நீ வர்றேன்னு சொன்னது என்ன வர்றேன்?"

"கிளப்பை உட்டு நின்னுக்கறேன்னு சொல்றதுக்குத்தானுங்கக்கா வந்தேன்" என்றான். "அண்ணன் மூஞ்சியப் பாத்து அதச் சொல்ல வாய் வரலீங்க. சுத்திச் சுத்திப் பேசுனேன். அண்ணன் புரிஞ்சுக்குவாருன்னு நெனச்சேன். எப்பவும்போல வர்றனுங்கன்னுட்டு வண்டிய எடுத்துட்டேன்."

"அவன் சரி, வான்னானே. அப்பவாச்சும் உனக்குத் தோணலியா?"

"போறவங்களுக்கும் அப்படித்தானுங்களே சொல்லுவாங்க."

கன்னத்தில் ஒன்று விடலாம் என்று வந்தவள்தான். அவன் சொன்னது சரியாக இருந்தது, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. யாரைத் திட்டுவது? உன்னையா? அவனையா? இந்த மரியாதையையா?

"ராமலிங்கண்ணன் தனியாப் போறாரு" என்றேன். "உன்னைய யாரும் மன்னிச்சு கூப்பிடல. துடுப்புப் போடத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான் மிச்சம். ஞாயித்துக்கெழமை காலைல படகு எறங்கும்."

அவன் தலை குனிந்தபடி இருந்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசலில் இறங்கும்போது பழக்கத்தில் எனக்கும் அந்தச் சொல் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "நான் கெளம்பறேன்" என்றேன். சுதாவுக்கு முகம் சுருங்கியது.

ஞாயிறு வந்தது. ராமலிங்கண்ணன் துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றார். "ஒருத்தனும் வரமாட்டான் அம்மிணி. சாவியக் குடு. ஓரமாப் போயிட்டு வந்தர்றேன்."

"ஓரமாத்தான் அவனும் போனான்" என்றேன்.

வண்டிச் சத்தம் கேட்டது. செல்வம் இறங்கி வந்தான். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாட்டியிருந்த மிதவைச் சட்டையை எடுத்துப் போட்டு, வார்களை ஒவ்வொன்றாக இறுக்கினான். ராமலிங்கண்ணன் அவனுக்கு வழி விட்டு நகர்ந்தார். நானும் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, அண்ணனைக் கரையில் நிறுத்திவிட்டுப் பின்பலகையில் போய் உட்கார்ந்தேன். முதல் தடவை அந்த மூலைக்கு அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

துடுப்புப் போடுகிறவனுக்கு முகம் பின்பக்கமாக இருக்கும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. அவனும் நானும் முழங்கால் இடிக்க எதிரெதிரே. அவனைப் பார்க்காமல் இருக்க வழியே இல்லை. நீ கிடந்த இடம் வந்ததும் அவன் கை நின்றுவிட்டது. நான் கொக்கியைப் போட்டு இழுத்தேன். இலையும் வேருமாக ஒரு பாரம் வந்தது. இன்னும் இழுத்தேன். இதன் அடியில்தானே கிடந்தாய் என்று நினைக்க நினைக்கக் கை தானாக இழுத்தது. படகு நிறைந்ததும் அவன் கரைக்குத் திருப்பினான். இலையைக் கொட்டியதும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியேறிப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு முன்னால் வந்து ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். இப்போது ராமலிங்கண்ணன் கொக்கி பிடிக்கிறார், அவன் துடுப்பு. ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். அண்ணனின் மனைவி எனக்கு ஊறுகாய் கொடுத்தனுப்புகிறார்.

உன் பதவிகளை எல்லாம் ஒழித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சனிக்கிழமை நானும் போன் போடுகிறேன். ஆனால் கெஞ்சுவதில்லை. "நாளைக்கு வருவீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்" என்கிறேன். அவ்வளவு பேச்சுப் பேசுகிற உன் துணைத்தலைவர்களுக்கு அந்த ஒரு சொல் வாயில் வருவதில்லை. "அது வந்துங்கக்கா…" என்று இழுக்கிறார்கள். ஒருவர் முக்கால்வாசி அழுதபடி, "வரமாட்டனுங்கக்கா, எனக்குத் தண்ணியப் பாத்தா முரளி ஞாபகம் வருது" என்றார். அவருக்கு நன்றி சொன்னேன். மனதார. அவர்தான் அப்புறம் கொஞ்ச நாள் கழித்து, கரையில் நின்று இலை அள்ளுகிறேன், படகு ஏறமாட்டேன் என்று வந்து சேர்ந்தார். இன்னும் இருவர் அப்படி வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை. இனி வரவும் மாட்டார்கள். மழைக்கு முன்னால் சுத்தம் செய்து வைத்த மூலையில் மறுபடி இலை பிடித்துவிட்டது. உன் கிளப் தழைத்துவிட்டது என்று உனக்குப் பொய் எழுத எனக்கு மனமில்லை.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். என் முறை. தூறல். அந்த இடத்துக்கு வந்ததும் செல்வம் துடுப்பை நிறுத்தினான். இத்தனை வாரத்தில் படகில் அவன் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, எம்மேல இன்னும் கோவமுங்களா?"

இல்லை சாமி, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நானும் போன வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"ஆமா" என்றேன்.

அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான். கண் நிறைந்திருந்தது, ஆனால் முகம் தெளிந்த மாதிரி இருந்தது. "சரிங்கக்கா" என்றான். துடுப்பை எடுத்துப் போட்டான். அன்றைக்கு மூன்று படகு இலை எடுத்தோம்.

கண்ணு, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் உடம்பில் தெம்பு இருக்கிறவரை அந்தக் கரையிலிருந்து ஒருவரையும் தனியாகப் போகவிடமாட்டேன். செல்வம் தன் வாயால் வரமாட்டேன் என்று சொல்கிறவரை துடுப்புப் பலகையில் அவன் இடத்தில் வேறு யாரையும் உட்காரவைக்கமாட்டேன். கோபம் தீர்ந்துவிடும் என்று மட்டும் வாக்குக் கேட்காதே. அது தீராமலேயே அவனுக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கோமதி அக்கா